தேத்தண்ணியில் நாலு கரண்டி

அத்தியாயம் 17

"பூரணிக்கு ஒரு நாளாவது லீவு கொடுங்களேன், பாவம்" என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். கொடுக்கத்தான் எனக்கும் ஆசை. மழை விட்டு வெயில் வந்து கொழுந்து மண்டிக் கிடக்கிற நேரம் இது. தோட்டம் கொடுக்காத லீவை நான் எங்கேயிருந்து கொடுப்பது?

ஆகவே அந்த வியாழக்கிழமையும் பூரணி நாலரை மணிக்கே எழும்பி அடுப்பைப் பற்ற வைத்தாள்.

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், லயத்து வீட்டு வரிசையின் மூன்றாவது காம்பராவில் அவளும் மகள் கிருஷாந்தியும் மட்டும்தான். புருஷன் அழகுமுத்து செத்து மூன்று வருஷமாகிறது. மகன் திலக்ஷன் கொழும்புப் பக்கம் ஒரு ஜிம்மில் வேலை செய்கிறான். கிருஷாந்திக்குப் பத்தொன்பது வயது. ஆயிரத்து ஐநூறு மீட்டர் ஓடுகிறாள். சனிக்கிழமை கொழும்பில் பொலிஸ் விளையாட்டுக் குழுவுக்கு ஆள் எடுக்கும் ஓட்டம். தெரிவானால் உத்தியோகம். இந்தப் பக்கத்தில் பிள்ளைகளை ஓடப் பழக்குகிற ரோகினி டீச்சர் ஒரே ஒரு பிள்ளையைத்தான் அனுப்பலாம். அந்த ஒருத்தி கிருஷாந்தி.

போன மாதம் திலக்ஷன் வந்தபோது தங்கச்சிக்கு இரண்டு டின் கொண்டுவந்தான். வெள்ளை டின்னில் புரோட்டின் மா. கறுப்பு டின்னில், ஓடுவதற்கு முன்னால் கரைத்துக் குடிக்கிற இன்னொரு மா.

வெள்ளை டின்னைக் கிருஷாந்தி டீச்சரிடம் காட்டினாள். டீச்சர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, லேபலை அடி வரைக்கும் வாசித்துவிட்டுச் சரி என்றார். கறுப்பு டின்னை அவள் காட்டவில்லை. காட்டியிருந்தாலும் அதில் வாசிக்க ஒன்றுமில்லை. ஒரு சிறுத்தைப் படமும் ஒரு மின்னலும்தான் இருந்தன. என்ன சேர்த்தது, எங்கே செய்தது, ஒன்றையும் காணோம்.

வெள்ளை மா நல்லதுதான் செய்தது. அதை மறைக்கக்கூடாது. ரொட்டியும் சம்பலும் தின்றுவிட்டு நாளுக்கு எட்டு மைல் ஓடுகிற உடம்புக்கு அது வேண்டியிருந்தது. கெண்டைக்கால் நோவு குறைந்தது. நாற்பத்தொரு கிலோ நாற்பத்துநாலு ஆனது.

கறுப்பு மா செய்தது வேறு வேலை. குடித்து அரைமணியில் காது சுடும், விரல் நுனியெல்லாம் ஊறும், கால் தரையில் நிற்காது. நாலு நிமிஷம் ஐம்பத்தெட்டு விநாடியில் முடித்த ஓட்டத்தை நாலு ஐம்பதில் முடித்தாள். எட்டு விநாடி! அதற்காக எத்தனை பிள்ளைகள் எத்தனை வருஷம் ஓடுகிறார்கள். ராத்திரி தூக்கம் வராததையும், படுத்திருக்கும்போது நெஞ்சு தடதடப்பதையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. பதினாலு நாள் குடித்தாள். முந்தாநாளோடு நிறுத்திவிட்டாள். சனிக்கிழமை மூத்திரம் எடுத்துப் பார்ப்பார்கள் என்று யாரோ சொன்ன பயம்.

நிறுத்திய பிறகு உடம்பு ஈரச் சாக்கு மாதிரி கிடந்தது. அன்று காலையில் நீர்த்தேக்கத்து ரோட்டில் பாதி ஓடிவிட்டு, மீதியை நடந்து வந்தாள்.

அவள் உள்ளே வரும்போது பூரணி உடுப்பு நனையாமல் இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டிருந்தாள். மூடிய தேத்தண்ணிப் போத்தல் கூடைக்குள் இருந்தது.

"ஏம்மா கை நடுங்குது?"

"குளிரு."

"நேத்தும் நடுங்குச்சு."

"நேத்தும் குளிருதானே."

இப்படி வாயை அடைத்துவிட்டுப் பேச்சை மாற்றுவதில் பூரணியை மிஞ்ச ஆளில்லை. "இன்னைக்குத்தானே ஓட்டத்துக்கு உடம்பு சரின்னு டொக்டர்கிட்ட கையெழுத்து வாங்கப் போற? டீச்சர் பத்து மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வந்துருவாங்க. நேரத்தோட போ. தலைய ஒழுங்கா சீவிக்கிட்டுப் போ."

வாசலைத் தாண்டியவள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போனாள். நாற்பத்தாறு வயதில் அவள் அறுபதின் நடையை நடந்தாள். கிருஷாந்தி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இரண்டு பேருக்குமே களைப்பு. ஒருத்தி களைப்பை ஒருத்தி விசாரிக்க நேரமில்லை.

*

பத்தரை மணி. களைப்பில் படுத்துக் கிடந்துவிட்டுக் கிருஷாந்தி பஸ்ஸுக்குப் புறப்படும்போது போன் அடித்தது. அம்மா.

மலையில் வேலை நேரத்தில் பூரணி போன் எடுக்கவே மாட்டாள்.

"கிருஷா, பேச்சியக்கா விழுந்துட்டாடி." மூச்சு வாங்கியது. "தேயிலை நிறைக்குள்ளேயே சாஞ்சுட்டா. வாயெல்லாம் கோணிக்கிச்சு. கொழுந்து லொறியில ஏத்திட்டோம். நானும் கூடப் போறேன்."

"ஐயோ, பெரியம்மாவுக்கு பிரஷர் இருக்குல்ல?" அம்மாவோடு கொழுந்து பறிக்கும் பேச்சியம்மாவை அவள் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

"அதத்தான் எல்லாரும் சொல்றாங்க." லொறிச் சத்தத்துக்குள் குரலைத் தாழ்த்தினாள். "கிருஷா, ஒன்னு செய். அந்தக் கறுப்பு டின்ன எடுத்து கக்கூசு குழியில கொட்டிடு. டின்ன நசுக்கிச் சாக்கடைக் கானுல போட்டுடு."

"எதுக்கு?"

"சொன்னதச் செய்."

போன் அறுந்தது.

கிருஷாந்தி திரும்பிக் காம்பராவுக்குள் போனாள். உடுப்புப் பெட்டிக்குப் பின்னால் சாரத்தில் சுற்றி வைத்திருந்தாள் டின்னை. மூடியைத் திறந்தாள். அவள் நிறுத்தும்போது கால் டின் இருந்தது, தான் அள்ளியதைவிட வேகமாகக் குறைகிறதே என்று அன்றைக்கே நினைத்திருந்தாள். இப்போது அடி தெரிந்தது. மாவுக்குள் கிடந்தது அவளுடைய சின்னப் பிளாஸ்டிக் கரண்டி இல்லை. வீட்டில் சோற்றுக்குக் குழம்பு ஊற்றுகிற எவர்சில்வர் கரண்டி.

அம்மாவின் கை நடுக்கம் அப்போதுதான் விளங்கியது.

கொட்டிவிட்டால் முடிந்தது. பேச்சியம்மாவுக்குப் பிரஷர் இருப்பது தோட்டமே அறிந்த விஷயம். யாரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை. சனிக்கிழமை ஓடலாம். அவள் டின்னோடு கக்கூஸ் வரைக்கும் போனாள், கதவையும் திறந்தாள். அங்கே ஒரு ஐந்து நிமிஷம் நின்றிருப்பாள். அந்த ஐந்து நிமிஷத்துக்காக அவளை நீங்கள் கோபிக்க வேண்டாம். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் ஈரத்துணி போட்டுப் பார்த்தவள் பேச்சியம்மா. ஆனால் பத்தொன்பது வயதில் ஒரு வழிதான் திறந்திருக்கிறது என்றால் யாருக்கும் கை தயங்கும்.

கடைசியில் மூடியை இறுக்கி டின்னைப் பையில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள்.

*

ஆஸ்பத்திரி வாங்கில் பூரணி படங்கோடும் சேற்றுக் காலோடும் உட்கார்ந்திருந்தாள். லொறியிலிருந்து நேரே வந்தவள். விரல் நுனி கொழுந்துச் சாயத்தில் கறுத்திருந்தது. பேச்சியம்மாவின் மகள் சவூதியில் இருக்கிறாள். எனவே கூட இருக்க வேறு ஆளில்லை.

"கொட்டிட்டியா?" என்பதுதான் முதல் கேள்வி.

கிருஷாந்தி பக்கத்தில் உட்கார்ந்தாள். பையின் கனத்தைப் பூரணி பார்த்துவிட்டாள்.

"ஏண்டி இப்படி?"

"நீ எத்தனை நாளாக் குடிக்கிற?"

"பத்து நாள் இருக்கும்."

"எதுக்கும்மா?"

பூரணி சுவரைப் பார்த்தாள். "நீ குடிச்சிட்டு ஆட்டுக்குட்டி மாதிரி மலையேறிப் போன. எனக்குப் பத்து மணிக்கு மேல கால் வரல. பதினெட்டுக் கிலோ வரலன்னா அரைப்பேரு, பாதிச் சம்பளந்தான். மூனு நாளு மலையில வேலை பாக்க வர்ற கண்டாக்கு எல்லாருக்கும் முன்னால வச்சுக் கத்துனான், வயசாயிருச்சுன்னா வீட்டுல இரேன்னு. பால்மா, மோல்ட்மா மாதிரி இதுவும் ஒரு மாதானே, கொஞ்சம் சத்து கூடுன மான்னு நெனைச்சேன். தேத்தண்ணியில ரெண்டு கரண்டி போட்டேன்."

"தேத்தண்ணியிலயா? கொதிக்கிற சாயத்திலயா?"

"கசந்துச்சு. சீனி கூடப் போட்டேன்."

கிருஷாந்தி தலையைப் பிடித்துக்கொண்டாள். மாவென்றால் தேத்தண்ணியில் போடுவது என்பது இந்த மலையில் பிறந்த எவருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டாத விஷயம். ஒரு டம்ளர் பச்சைத்தண்ணியில் ஒரு சின்னக் கரண்டி என்பது திலக்ஷன் தங்கச்சியிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போன கணக்கு.

"கொழுந்து வந்துச்சுடி," என்றாள் பூரணி. அந்தச் சொல்லில் கொஞ்சம் பெருமை இருந்ததை நான் மறைக்க மாட்டேன். "மொத நாளு இருபத்திரெண்டு கிலோ. கண்டாக்கு தராச ரெண்டு தரம் பாத்தான். அப்புறம் ரெண்டு கரண்டியில ஒன்னும் தெரியல. இன்னைக்கு நாலு போட்டேன்."

"பெரியம்மாவுக்கும் குடுத்தியா?"

"போத்தல நான் மட்டும் எப்புடிக் குடிக்கிறது?"

அதுவும் சரிதான். பத்து மணித் தேத்தண்ணியை மலையில் யாரும் தனியாகக் குடிப்பதில்லை. ஒருத்தி போத்தல் மூடியைத் திறந்தால் பக்கத்து நிறைக்காரிக்கும், அதாவது பக்கத்துச் செடி வரிசையில் பறிக்கிறவளுக்கும், ஊற்ற வேண்டும். இருபத்தைந்து வருஷமாகப் பூரணிக்குப் பக்கத்து நிறை பேச்சியம்மா. நேற்றுவரை பேச்சியம்மாவே தன் போத்தலை முதலில் திறந்துவிடுவாள், பூரணி ஊற்ற வேண்டி வரவில்லை. இன்றைக்குப் பேச்சியம்மா போத்தலை மறந்துவிட்டு வந்திருந்தாள்.

"ரெண்டு மூடி குடிச்சா. 'என்னாடி பூரணி, இன்னைக்குச் சாயம் தூக்குது'ன்னு சிரிச்சா. கால்மணி நேரம் ஆகல..." பூரணி அழவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டுமே. "டொக்டருமாருங்க பிரஷர்னுதான் சொல்றாங்க. மாத்திரை போடாம விட்டிருப்பான்னு சொல்றாங்க. அப்படியே இருக்கட்டும். நீ சனிக்கிழமை ஓடிட்டு வா. அப்புறமா நானே வந்து எல்லாத்தயும் சொல்றேன். கால்ல விழுந்து சொல்றேன்."

"அதுக்குள்ள பெரியம்மா செத்துட்டா?"

பூரணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் ரோகினி டீச்சர் படியேறி வந்தார், கையில் குடையும் விண்ணப்பத் தாள்களுமாக. கூடவே ஷாமிலா. கிருஷாந்தியோடு தினமும் ஓடுகிறவள், றொசல்ல ஊர்ப் பிள்ளை. கிருஷாந்திக்குக் காய்ச்சல் ஏதும் வந்தால் அவளுக்குப் பதில் போக வேண்டிய ஆள். அதனால் அவளுடைய தாளிலும் கையெழுத்து வாங்க டீச்சர் கூட்டி வந்திருந்தார். அவள் காரியம் காலையிலேயே முடிந்துவிட்டது.

"எங்க போனனீர்?" என்றார் டீச்சர். "பதினொண்டரையாகுது. டொக்டர் ரெண்டு தரம் கேட்டவ." பிறகுதான் பூரணியின் கோலத்தைக் கவனித்தார். "என்ன நடந்தது அம்மா? ஆருக்கு என்ன?"

ஷாமிலா வந்து கிருஷாந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கை சில்லுன்னு இருக்கே, என்னாச்சு?"

கிருஷாந்தி எழுந்தாள். இப்போது சொல்லாவிட்டால் இனிச் சொல்ல மாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நேரே அவசரப் பிரிவுக் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். பின்னாலேயே மூன்று பேரும் போனார்கள்.

*

டொக்டர் நோனா என்று எல்லாரும் கூப்பிடுகிற அந்த அம்மா சின்ன வயதுக்காரர், சிங்களவர். தமிழ் கதைப்பார், ஆனால் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து. பேச்சியம்மாவின் நெஞ்சில் வயர் ஒட்டியிருந்தது. மெஷினில் கோடு தாறுமாறாக ஓடியது. பேச்சியம்மா கண் மூடிக் கிடந்தாள்.

கிருஷாந்தி கறுப்பு டின்னை மேசையில் வைத்தாள்.

"பெரியம்மா இத குடிச்சிருக்காங்க, டொக்டர். தேத்தண்ணியில கலந்து."

டொக்டர் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மேக மொகக்த?" என்றார் முதலில் தன் மொழியில். பிறகு, "இது என்ன? எத்தனை கரண்டி? எத்தனை மணிக்கு?"

"போத்தலுக்கு நாலு கரண்டி. பெரிய கரண்டி. அவங்க ரெண்டு மூடி குடிச்சாங்க. பத்து மணிக்கு."

டொக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். நர்ஸிடம் சிங்களத்தில் வேகமாக ஏதோ சொன்னார். தயாராக இருந்த ஊசி ஒன்று திரும்பி உள்ளே போனது, வேறொன்று வந்தது. கண்டி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்கள். அதைப் பார்த்துப் பூரணி கதவு நிலையில் சாய்ந்துவிட்டாள். சொல்லாமல் இருந்திருந்தால் அந்த முதல் ஊசி என்ன செய்திருக்கும் என்று அவள் யாரையும் கேட்கவில்லை. எனக்கும் தெரியாது.

அரைமணி கழித்து, ஷாமிலா மறுபடி கிருஷாந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, டொக்டர் திரும்பி வந்தார். "இப்ப கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் இன்னும் பார்க்க வேணும்." பிறகு டின்னைக் காட்டி, "இது யாருடையது?"

"என்னோடதுங்க நோனா," என்றாள் பூரணி முந்திக்கொண்டு. "நான்தான் கடையில வாங்குனேன். நான்தான் குடிச்சேன். வேற யாருக்கும் தெரியாது. புள்ளைக்கு ஒன்னுமே தெரியாது."

பொய் சொல்லிப் பழகாதவள். ஒரு கேள்விக்கு நாலு பதில் சொன்னாள்.

ரோகினி டீச்சர் டின்னைப் பார்த்தார், பூரணியைப் பார்த்தார், கடைசியில் கிருஷாந்தியைப் பார்த்தார். கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடச் சுலபமாக இருந்திருக்கும்.

"எங்கண்ணன் கொண்டாந்தது," என்றாள் கிருஷாந்தி. "நானும் குடிச்சேன், டீச்சர். பதினாலு நாள். முந்தாநாளுதான் நிறுத்துனேன்."

ஷாமிலாவின் கை அவள் கையிலிருந்து நழுவியது.

டொக்டர் கிருஷாந்தியை உட்கார வைத்து மணிக்கட்டைப் பிடித்தார். சும்மா உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு நாடி நூற்றுப் பன்னிரண்டு. இமையை இழுத்துப் பார்த்தார். வெளிறிப் போயிருந்தது. "இரத்தம் காணாது," என்றார். "இந்தப் பிள்ளைக்கு வேண்டியது இரும்புச்சத்து மாத்திரை. அது இங்கே சும்மா கொடுக்கிறது. இதை எல்லாம் ஏன் குடிச்சது?"

டின்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இன்றைக்கு நான் கையெழுத்து போட மாட்டேன். அம்மாவுக்கும் மகளுக்கும் ஈசிஜி எடுக்க வேணும். டின் இங்கே இருக்கட்டும்."

அவ்வளவுதான். மூன்று வருஷ ஓட்டம் ஒரு நிமிஷத்தில் நின்றது.

*

வெளியே வாங்கில் டீச்சர் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். அழுக்கு இல்லாத கண்ணாடி.

"வெள்ளை டின்னைக் காட்டினனீர். இதை ஏன் காட்டேல்ல?"

"நிறுத்தச் சொல்லுவீங்கன்னு."

"ஓம். சொல்லியிருப்பன்." குரலில் கோபத்தைவிட அலுப்புத்தான் இருந்தது. "மா எல்லாம் கூடாதெண்டு நான் ஒருநாளும் சொல்லேல்ல, கிருஷாந்தி. முட்டை இல்லாத வீட்டில புரோட்டின் மா நல்லதுதான். ஆனா உள்ளுக்க என்ன கிடக்கெண்டு எழுதாத ஒண்டை எப்பிடி நம்பினனீர்? உம்மட அண்ணனுக்கும் தெரியாது, அவனுக்கு வித்தவனுக்கும் தெரியாது. சனிக்கிழமை உமக்குச் சோதிச்சு ஏதும் வந்திருந்தா, ரெண்டு வருசமோ நாலு வருசமோ ஓடேலாது. ஓடேக்க நெஞ்சு நிண்டிருந்தா?"

"எட்டு விநாடி குறைஞ்சுச்சு, டீச்சர்."

டீச்சர் குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த எட்டு விநாடிக்காகத் தானும் சந்தோஷப்பட்டது அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். எப்படி வந்தது என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. இருவரில் யாருக்கு அதிக வெட்கம் என்று சொல்லத் தெரியவில்லை.

"பேர் நாளைக்குக் காலமை அனுப்ப வேணும்," என்றார் எழும்பியபடி. "ஷாமிலாவைத்தான் அனுப்பப் போறன். என்னை மன்னிச்சுக்கொள்ளும்."

"சரிங்க டீச்சர்."

ஷாமிலா வாசல் படியிலேயே நின்றிருந்தாள். போய்வருகிறேன் என்று சொல்லவும் கிட்ட வரவில்லை. தலையை மட்டும் அசைத்தாள். தன் இடம் கிடைத்ததில் கூச்சம் போலும் என்று நினைத்துக்கொண்டாள் கிருஷாந்தி. இரண்டு பேரும் ஹட்டன் பஸ்ஸில் ஏறிப் போனார்கள்.

உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். பேச்சியம்மா கண் திறந்திருந்தாள். வாய் இன்னும் ஒரு பக்கம் இழுத்தது. பூரணி கட்டிலருகே போய் அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நான் பாவி அக்கா," என்று ஆரம்பித்தாள்.

பேச்சியம்மா அதைக் காதில் வாங்கவில்லை. "என் கொழுந்து..." என்றாள் குழறி. "கூடையில இருந்துச்சு. நிறுத்தாங்களா?"

"நிறுத்தாச்சு அக்கா. ஒம்பது கிலோ." நிறுத்தார்களா என்பது பூரணிக்குத் தெரியாது. ஆனால் இந்தப் பொய்யை அவள் ஒழுங்காகச் சொன்னாள்.

"அரைப்பேருதான்," என்று பேச்சியம்மா மறுபடி கண்ணை மூடினாள்.

அப்போதுதான் பூரணி அழுதாள். படங்கை முகத்தில் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்க. கிருஷாந்தி அவள் முதுகில் கை வைத்தபடி நின்றாள். அவளுக்கும் எங்காவது படுத்துத் தூங்கினால் போதும் என்றிருந்தது.

*

திலக்ஷனுக்கு அவள் போன் எடுத்தபோது மூன்று மணி. நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"அண்ணே, இருக்கியா?"

"அம்மாவுக்கு ஒன்னும் இல்லையே?"

"ஈசிஜி எடுத்தாங்க. மாத்திரை குடுத்திருக்காங்க. ரெண்டு நாளைக்குப் பெரட்டுக்குப் போகக்கூடாதாம்."

"சத்தியமா எனக்குத் தெரியாது, கிருஷா. ஜிம்முல எல்லாப் பயலும் குடிக்கிறான். நானும்தான் குடிக்கிறேன். நீ கெலிக்கணும்னுதான்..." அவன் குரல் உடைந்தது. "மத்த டின்னயும் வாங்கிக் கொட்டிடச் சொல்லு."

"எந்த மத்த டின்?"

"இல்ல, அது..." என்று இழுத்தான் அவன்.

"அண்ணே. எந்த டின்?"

"உன்கிட்ட சொல்லலியா அவ? நான் வந்திருந்தப்ப ஷாமிலா கேட்டா. 'கிருஷாவுக்கு மட்டும்தானா'ன்னா. பாவமா இருந்துச்சு. கறுப்பு டின் ஒன்னு அவளுக்கும் குடுத்தேன்."

கிருஷாந்தி ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்தாள். நழுவிப்போன அந்தக் கை. கிட்ட வராமல் நின்ற அந்தப் பிள்ளை. பேச்சியம்மா கட்டிலில் கிடந்த கோலத்தைக் கதவடியில் நின்று அவளும்தானே பார்த்தாள்? பார்த்துவிட்டும் வாய் திறக்காமல் பஸ் ஏறிப் போயிருக்கிறாளே.

ஷாமிலாவின் நம்பரை எடுத்தாள். நாலு தரம் அடித்த பிறகு பதில் வந்தது.

"இப்பத்தான் வீட்டுக்குள்ள வந்தேன். டீச்சரும் வந்திருக்காங்க, அம்மாகிட்ட சனிக்கிழமை விஷயத்தப் பேசிக்கிட்டு இருக்காங்க," என்றாள் ஷாமிலா. குரல் அடங்கியிருந்தது. "அப்புறமா பேசட்டுமா?"

"உன்கிட்டயும் கறுப்பு டின் இருக்காமே."

கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

"இன்னைக்கும் குடிச்சியா?"

"கொஞ்சம்தான்." யாருக்கும் கேட்காமல் வெளியே வந்துவிட்டாள் போலிருந்தது. கோழிகளின் சத்தம் கேட்டது. "நெஞ்சடிப்பு கூடவா இருக்கேன்னு டொக்டர் கேட்டாங்க. பஸ்ஸுக்கு ஓடி வந்தேன்னு சொல்லிட்டேன்."

"நீயே டீச்சர்கிட்ட சொல்லிடு, ஷாமி."

"சொன்னா?"

"ஒன்னும் ஆகாது. அடுத்த வருஷம் பாக்கலாம்."

"அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிரும், அது உனக்குத் தெரியும்." இப்போது குரல் கூர்மையாகிவிட்டது. "நீ போக முடியல. அதனால நானும் போகக்கூடாது. அதானே?"

கிருஷாந்திக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஏனென்றால், அந்த எண்ணம் தனக்குள் துளிகூட இல்லை என்று அவளால் சத்தியம் செய்ய முடியவில்லை. தூக்கமில்லாத பதினாறு நாள், பேச்சியம்மாவின் கோணிய வாய், அம்மாவின் குலுங்கிய தோள், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சின்னப் பொறாமையும் கிடந்தது. கிடக்கட்டும். அதற்காக ஷாமிலாவின் நெஞ்சு அடிப்பது குறையுமா?

"டீச்சர்கிட்ட போனக் குடு," என்றாள்.

"கிருஷா, வேணாம். கெஞ்சிக் கேக்குறேன்."

"குடு ஷாமி."

உள்ளேயிருந்து ரோகினி டீச்சரின் குரல் தூரமாகக் கேட்டது. "ஆரது பிள்ளை, போனில?"

ஷாமிலா பதில் சொன்னாளா, போனைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டாளா, தெரியவில்லை. ஏதோ துணி உரசுகிற சத்தம் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. ஆனால் போன் அறுபடவும் இல்லை.

"டீச்சர்," என்றாள் கிருஷாந்தி, மறுபக்கம் கேட்டுக்கொண்டிருப்பது யாரென்று தெரியாமலே.